புது மெரைன் டேங்கில் மீன் செத்தால்: மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்

செத்த மீனை முதலில் வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். மதுரை வெயிலில் 30 டிகிரிக்கு மேல் நிற்கிற உப்புத் தண்ணீரில் ஒரு சின்ன க்ளவுன் மீன்கூடச் சில மணி நேரத்தில் அழுக ஆரம்பித்துவிடும். புது டேங்கில் அந்த அழுகலைச் சமாளிக்கிற பாக்டீரியா இன்னும் வளர்ந்திருக்காது என்பதால், ஒன்று செத்ததே அடுத்தது சாவதற்குக் காரணமாகிவிடும். மீனைக் காணோம், செத்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் டார்ச் அடித்துக் கல்லுக்குப் பின்னால், பவர்ஹெட்டின் (தண்ணீரைச் சுற்ற வைக்கிற சின்ன மோட்டார்) வாயில், தண்ணீர் வழிந்து இறங்குகிற ஓவர்ஃப்ளோவுக்குள், கீழே இருக்கிற ஃபில்டர் தொட்டியான சம்ப்பில் தேடுங்கள். அங்கேயும் இல்லையென்றால் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையைப் பாருங்கள், மூடி போடாத டேங்கிலிருந்து குதித்துக் கருவாடாகக் கிடக்கும்.

எடுத்த மீனை உடனே குப்பையில் போடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள், தோலில் சளி படர்ந்திருக்கிறதா, துடுப்பு கடிபட்டிருக்கிறதா, வயிறு ஒட்டிப்போயிருக்கிறதா என்று பாருங்கள். செத்து அரை நாள் ஆன மீனில் நிறமும் தோலும் மாறிவிடும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இப்போதுதான் செத்த மீன் என்றால் நிறையச் சொல்லும்.

அடுத்து, தண்ணீர் மாற்றுவதற்கு முன்பே டேங்க் தண்ணீரை ஒரு சுத்தமான பாட்டிலில் விளிம்புவரை பிடித்து மூடி வைத்துவிடுங்கள். பயத்தில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு அப்புறம் டெஸ்ட் செய்தால் எல்லாமே சரியாக இருப்பதாகத்தான் காட்டும், காரணம் சாக்கடையோடு போயிருக்கும். டெஸ்ட் கிட் கையில் இல்லாதவர்களுக்கு இந்த பாட்டில் ரொம்ப முக்கியம், மறுநாள் காலையில் கடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம், அதுவரை ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

செய்யக் கூடாதவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போன் போட்டதும் "தம்பி, இந்த பாட்டிலை வாங்கி ஊத்துங்க, சரியாப் போயிரும்" என்பார்கள். எதற்கு என்று தெரியாமல் எந்த மருந்தையும் டேங்கில் ஊற்றாதீர்கள். செத்த மீனுக்குப் பதிலாக அன்றைக்கே இன்னொரு மீன் வாங்கி விடாதீர்கள். டேங்கைக் காலி செய்து, கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் அலசிப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்ற எண்ணம் வந்தால் அதை அடக்குங்கள், கொஞ்சநஞ்சம் வளர்ந்த பாக்டீரியாவும் குளோரினில் போய்விடும்.

உயிரோடு இருக்கிற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால்தான் அவசரம். பவர்ஹெட்டின் முகத்தை மேல்பரப்பை நோக்கித் திருப்புங்கள், ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள், தீவனத்தை நிறுத்துங்கள், அப்புறம் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர் மாற்றுங்கள். மாற்றுகிற தண்ணீரின் உப்பும் சூடும் டேங்கில் இருப்பதற்குப் பொருந்த வேண்டும். இதற்குத்தான் புது டேங்க் வைத்திருப்பவர்கள் உப்பு கலந்த தண்ணீரை ஒரு டிரம்மில் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது. இல்லையென்றால், 20 லிட்டர் ஆர்ஓ கேன் ஒன்றுக்கு 700 முதல் 750 கிராம்வரை மெரைன் சால்ட், ஒரு பவர்ஹெட் போட்டுத் தெளியும்வரை சுற்ற விட்டு, உப்பை அளந்து, பிறகு ஊற்றுங்கள். மீன் இருக்கிற டேங்கில் நேராக உப்பைக் கொட்டவே கூடாது. தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில்தானே, கல்லுப்பு போட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மெக்னீசியமும் 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கும், பிஹெச்சை (தண்ணீரின் அமில-கார அளவு) தாங்கிப் பிடிக்கிற கார்பனேட்டும் இருக்கும். சமையல் உப்பில் ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டும்தான். சாம்பாருக்கு அது போதும், மெரைன் மீனுக்குப் போதாது.

இனி காரணம் கண்டுபிடிக்கிற வேலை. வாங்கிவந்து எவ்வளவு நேரத்தில் செத்தது, எந்த வரிசையில் செத்தது, கூட யார் பிழைத்திருக்கிறார்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். டெஸ்ட் கிட் மீதியைச் சொல்லும்.

வாங்கிவந்த அன்றோ மறுநாளோ செத்தது

இது பெரும்பாலும் நோய் இல்லை. கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் இருந்த வித்தியாசம், அல்லது பயணம். பல கடைகளில் ஒட்டுண்ணிகளை அடக்கவும் உப்புச் செலவை மிச்சப்படுத்தவும் சாலினிட்டியை, அதாவது தண்ணீரின் உப்பளவைக் குறைத்து 1.018, 1.020 என்று (நன்னீரைவிட எத்தனை மடங்கு கனம் என்கிற கணக்கு) வைத்திருப்பார்கள். நீங்கள் புத்தகத்தில் உள்ளபடி 1.025இல் வைத்திருப்பீர்கள். உப்பு குறைந்த தண்ணீரிலிருந்து அதிகமான தண்ணீருக்கு அரை மணி நேரத்தில் தாவினால் மீனின் உடம்பிலிருந்து தண்ணீர் இழுக்கப்படும், மேலுக்கு ஒரு காயமும் இருக்காது, மறுநாள் காலையில் செத்துக் கிடக்கும். எதிர்த் திசையில், அதிகத்திலிருந்து குறைவுக்குப் போவதை மீன்கள் ஓரளவு தாங்கும்.

ஆகவே கடையில் விலை கேட்பதற்கு முன், "அண்ணே, உங்க டேங்க் சாலினிட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை நம்பாமல் பை தண்ணீரை வீட்டில் நீங்களே அளந்து பாருங்கள். முள் ஆடுகிற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் அளவு மாறும், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்தான் நல்லது, அதையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டு, காலையில் மாட்டுத்தாவணியில் போய் வாங்குகிறவர்கள் நிறைய. இந்த மீன்களுக்குப் பழைய முறைப்படி இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்குவது ஆபத்து. மூடிய பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அதனால் பையில் சேர்ந்த அம்மோனியா பெரும்பகுதி விஷமில்லாத அம்மோனியம் வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அம்மோனியம் அம்மோனியாவாக மாறும். பிஹெச் ஒரு அலகு ஏறினால் விஷமான பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நீங்கள் பொறுமையாகச் சொட்டு விட்டுக்கொண்டிருக்கிற அந்த நேரம் முழுக்க மீன் அதற்குள்தான் நீந்துகிறது. புது மீனைத் தனிமைப்படுத்தி வைக்க ஒரு குவாரண்டைன் டேங்க் வைத்து, அதன் சாலினிட்டியை அனுப்புகிறவரிடம் கேட்டு முன்கூட்டியே பொருத்தி வையுங்கள். வந்த பையைத் திறக்காமல் இருபது நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமமாக்கி, பையைத் திறந்ததும் மீனை மட்டும் எடுத்து உள்ளே விடுங்கள். பை தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அப்புறம் சில நாட்களில் மெல்ல மெல்ல உப்பை ஏற்றிக்கொள்ளலாம்.

இரண்டு நாள் கழித்து, ஒரு வாரத்துக்குள் செத்தது

மதுரையில் புது மெரைன் டேங்கில் நடக்கிற சாவுகளில் அதிகம் இந்த ரகம்தான் என்பது என் கணிப்பு, காரணம் அம்மோனியா. "தண்ணி ஊத்தி ரெண்டு நாள் ஓட விடுங்க, தெளிஞ்சதும் மீன் விட்டுரலாம்" என்று சொல்லித்தான் செட் போட்டுக் கொடுக்கிறார்கள். தண்ணீர் தெளிவதற்கும் டேங்க் தயாராவதற்கும் சம்பந்தமே இல்லை. மீனின் செவுளிலிருந்து வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை, இரண்டும் கல்லிலும் மணலிலும் ஃபில்டரிலும் போதுமான அளவு ஒட்டி வளர வழக்கமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். பாட்டில் பாக்டீரியா இதைச் சுருக்கலாம், ஆனால் வெயிலில் குடோனில் கிடந்த பாட்டிலா என்று யாருக்குத் தெரியும்.

நன்னீர் டேங்க் வைத்துப் பழகியவர்கள் இங்கே ஏமாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோல்டு ஃபிஷ் தொட்டியில் பிஹெச் 7 பக்கம் இருந்தால் அம்மோனியாவில் விஷமான பங்கு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. மெரைனில் பிஹெச் 8.2, சூடு 30 டிகிரி என்றால் அந்தப் பங்கு பல மடங்கு. அதே டெஸ்ட் கிட்டில் அதே பச்சை நிறம் வந்தாலும் இங்கே அர்த்தம் வேறு. 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) என்று காட்டினாலே தண்ணீர் மாற்றத் தயாராகுங்கள், 1 பிபிஎம் என்றால் அன்றைக்கே பாதி. பாதி மாற்றினால் பாதிதான் குறையும், 2 பிபிஎம் இருந்தது 1 ஆகும், அவ்வளவுதான், மறுநாள் திரும்ப அளந்து திரும்ப மாற்ற வேண்டியிருக்கும். நைட்ரைட்டைப் பார்த்து அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். கடல் தண்ணீரில் இருக்கிற குளோரைடு அது செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுத்துவிடும்.

இப்போது மீன் எதுவும் மிச்சமில்லை என்றால், ஒரு வகையில் நல்லது, டேங்கை மீன் இல்லாமலே தயார் செய்யலாம். லேப் கெமிக்கல் கடையில் கிடைக்கிற சுத்தமான அம்மோனியம் குளோரைடு 100 லிட்டருக்கு 0.6 கிராம் சொச்சம் போட்டால் 2 பிபிஎம் வரும். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று விற்பதும் அதுதான், ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது, டேங்குக்கு வேண்டாம். கெமிக்கல் கடைக்கெல்லாம் அலைய முடியாது என்றால் தோலோடு ஒரு பச்சை இறாலை வலைத்துணியில் கட்டித் தொங்க விடுங்கள், நாற்றம் அடிக்கும், வீட்டில் திட்டு விழும், ஆனால் வேலை நடக்கும். 2 பிபிஎம் போட்ட 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால்தான் டேங்க் தயார். தயாரான பிறகும் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு சின்ன மீன்தான். ஞாயிற்றுக்கிழமை ஆறு மீன் ஒன்றாக வாங்கினால் அந்த பாக்டீரியாவால் தாங்க முடியாது, முதல் பாராவுக்கே திரும்பி வருவீர்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம் கல். ராமேஸ்வரம் போனவர்கள் ஆசையாய் எடுத்துவந்த பவளக் கல்லை லைவ் ராக் (உயிர்கள் ஒட்டிய கல்) என்று டேங்கில் போடுகிறார்கள். கல்லாக வளர்கிற பவளங்கள் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, கடல் குதிரையும் அப்படித்தான். மன்னார் வளைகுடாவிலிருந்து எடுப்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், பாதி உயிரோடு பையில் வந்த கல்லில் இருக்கிற பஞ்சுயிரிகளும் புழுக்களும் டேங்குக்குள் செத்து அழுகி அம்மோனியாவைத்தான் கொடுக்கும். காய்ந்த செயற்கைக் கல், செராமிக் மீடியா போதும்.

ஒரே ராத்திரியில் எல்லாமே செத்தது

மாலையில் நன்றாகச் சாப்பிட்டது, காலையில் எல்லாம் மல்லாந்து கிடக்கிறது என்றால் ஆக்சிஜன் அல்லது விஷம்.

ஆக்சிஜன் கணக்கு மெரைன் டேங்குக்கு எப்போதுமே இறுக்கம். 30 டிகிரி நன்னீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், அதே சூட்டில் கடல் தண்ணீரில் 6.2தான். சித்திரைத் திருவிழா நேரத்திலிருந்து அக்னி நட்சத்திரம் முடியும்வரை மாடி வீட்டு அறையில் டேங்க் தண்ணீர் 33 டிகிரி தொடுவது சாதாரணம். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை, தண்ணீரில் இருப்பதோ குறைவு. இதில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இல்லை என்றால் முடிந்தது கதை. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் டேங்க் பிளக் அந்த லைனில் இல்லாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன், டிவி ஓடும், மீன் மூச்சுத் திணறும். லைட், ஹீட்டர் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு பவர்ஹெட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், விலை ஒரு க்ளவுன் ஜோடியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சூட்டைக் குறைக்கச் சில்லர் வாங்க முடிந்தால் நல்லது. முடியாதவர்கள் மேல்பரப்பில் படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள், நம் ஊர் வறண்ட காற்றில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. 100 லிட்டர் டேங்கில் நாளைக்கு 3 லிட்டர் வீதம் நான்கு நாள் வற்றினால் 35 பிபிடி இருந்தது 40 பக்கம் போய்விடும். வற்றியதை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால் தினமும் நிரப்புங்கள், உப்புத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் ஏறும். ஐஸைத் தண்ணீரில் போடாதீர்கள், மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள், மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம்.

விஷம் என்றால் வீட்டுக்குள் இருந்தே வருவது. கொசு லிக்விட், கரப்பான் ஸ்பிரே, பெஸ்ட் கண்ட்ரோல்காரர் அடித்த மருந்து, இவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகை இருக்கும், மனிதனுக்குக் கொஞ்சம் தலைவலி, மீனுக்கு எமன். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். பெயிண்ட் அடித்தீர்களா, வார்னிஷ் பூசினீர்களா, வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகை அறை முழுக்கப் போட்டீர்களா, கை கழுவிய சோப்போடு டேங்கில் கைவிட்டீர்களா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள், குறிப்பாக நீங்கள் வெளியூர் போயிருந்த நாளைப் பற்றி. சந்தேகம் இருந்தால் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, பெரிய அளவில் தண்ணீர் மாற்றுங்கள். ஹீட்டர் உடைந்திருக்கிறதா என்பதை பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள், பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

நத்தையும் இறாலும் முதலில் செத்தன, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை

செம்பு. முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலேயே ஆகாது. மதுரை வீடுகளில் அது வருகிற வழிகள் பல: செம்புக் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர், பித்தளைப் பைப், முன்னால் யாரோ காப்பர் மருந்து போட்டுப் பயன்படுத்திய செகண்ட் ஹேண்ட் டேங்க். இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, ஆரோக்கியத்துக்காகத் தண்ணீரில் காப்பர் சேர்த்துக் கொடுக்கிற ஆர்ஓ மெஷின். குடிப்பதற்கு வாங்கியது, அதிலிருந்தே டேங்குக்கும் பிடிக்கிறோம், தினமும் வற்றியதை நிரப்ப நிரப்ப அது சேர்ந்துகொண்டே போகும். மெம்பிரேனிலிருந்து வெளிவரும் குழாயில், காப்பர் மற்றும் மினரல் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே, 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு டேங்குக்குத் தனியாக எடுங்கள், சர்வீஸ்காரரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பார்த்தால் அந்தத் தண்ணீர் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின், போர் தண்ணீரில் கடினத்தன்மை, இரண்டையும் நேராக ஊற்ற வேண்டாம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகிறது

தண்ணீர் அளவெல்லாம் சரி, இறால் நன்றாக இருக்கிறது, மீன் மட்டும் இரண்டு மூன்று நாளுக்கு ஒன்று போகிறது என்றால் இப்போதுதான் நோயைப் பற்றி யோசிக்க வேண்டும். மூன்றைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலும் போதும்.

உப்புக்கல் தூவியதுபோல் தனித்தனி வெள்ளைப் புள்ளி, மீன் கல்லில் போய் உடம்பை உரசும், ஆனால் சாப்பிடும்: அது மெரைன் இச். கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். புள்ளி இரண்டு நாளில் மறைந்தால் குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி மணலில் பெருகிக்கொண்டிருக்கும், திரும்ப வரும்போது பல மடங்காக வரும். வெல்வெட் வேறு மாதிரி. புள்ளி கண்ணுக்கே தெரியாமல் செவுளுக்குள் முதலில் பிடிக்கும், மீன் வேகவேகமாக மூச்சு விடும், வெளிச்சத்துக்குப் பயந்து பவர்ஹெட்டின் நீரோட்டத்துக்குள் முகத்தை வைத்து நிற்கும், சாப்பாட்டை விட்டுவிடும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால் மாவு பூசியது தெரியும். ஒருசில நாட்களில் டேங்கே காலியாகும் என்பதால் இதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. மூன்றாவது ப்ரூக்லினெல்லா, க்ளவுன் மீன் வாங்குகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, குறிப்பாகக் கடலில் பிடித்த க்ளவுன். புள்ளி இல்லை, தோலிலிருந்து வெள்ளைச் சளி உரிந்து தொங்கும்.

இச், வெல்வெட் இரண்டுக்கும் காப்பர் கேட்கும், ப்ரூக்லினெல்லாவுக்குக் கேட்காது, அதற்கு ஃபார்மலின் குளியல்தான். மருந்து எதுவானாலும் மெயின் டேங்கில் இல்லை. மணலும் கல்லும் இல்லாத வெறும் கண்ணாடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மீன் ஒளிய ஒரு பிவிசி பைப் துண்டு, இதுதான் ஹாஸ்பிடல் டேங்க். மணலும் கல்லும் இருந்தால் காப்பரை உறிஞ்சி அளவைக் குழப்பும், இறாலையும் கொல்லும். காப்பர் மருந்துகளில் இரண்டு வகை உண்டு, ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் மீன் மருந்திலேயே சாகும், ஆகவே பாட்டிலில் உள்ள அளவைப் படித்து, காப்பர் டெஸ்ட் கிட் வைத்துத் தினமும் அளந்து பாருங்கள். கிட் வாங்க மனமில்லை என்றால் காப்பரையும் வாங்காதீர்கள். ஃபார்மலின் தண்ணீரிலிருக்கிற ஆக்சிஜனைக் குறைக்கும், ஆவி நுரையீரலுக்குக் கெடுதல், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஏர் பம்ப் போட்டு, ஜன்னலைத் திறந்து, கையுறையோடு, பிள்ளைகள் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

மருந்து கையில் கிடைக்கும்வரை மூச்சுத் திணறுகிற மீனுக்கு நன்னீர்க் குளியல் கொஞ்சம் ஆசுவாசம் தரும். டேங்கின் அதே சூட்டில் ஆர்ஓ தண்ணீர், பிஹெச் 8.2 வரும்வரை சிட்டிகை சிட்டிகையாக ஆப்ப சோடா, நன்றாகக் காற்று, ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மீன் சாய்ந்து விழுந்தால் உடனே எடுத்துவிடுங்கள். இது நோயைத் தீர்க்காது. நேரம் வாங்கிக் கொடுக்கும்.

மீனை எல்லாம் எடுத்த பிறகு மெயின் டேங்க் சும்மா ஓட வேண்டும். வெல்வெட்டுக்கு ஆறு வாரம். இச் என்றால் 76 நாள் என்பது மெரைன் வளர்ப்பவர்களிடையே வழக்கம், ஏனென்றால் அதன் முட்டைப்பை 72 நாள் கழித்தும் பொரித்ததாகப் பதிவு இருக்கிறது. வெறும் டேங்கைப் பார்த்து விருந்தாளிகள் "மீன் எங்கப்பா?" என்று கேட்பார்கள், பரவாயில்லை. இறால், நத்தை அங்கேயே இருக்கலாம், அவற்றுக்கு இந்த நோய் வராது. அம்மோனியா ஆதாரம் இல்லாமல் பாக்டீரியா பட்டினி கிடக்காதபடி வாரம் ஒருமுறை கொஞ்சம் தீவனத் தூள் போட்டுவிடுங்கள்.

வேறு சில சாவுகள்

டாம்சல் மீனை முதலில் விட்டுவிட்டு அப்புறம் சாதுவான மீனை விட்டால், டாம்சல் அதைத் துரத்தியே கொல்லும். துடுப்பு கிழிந்து மூலையில் ஒதுங்கி நின்று செத்திருந்தால் இதுதான். டாம்சல் கெட்டி மீன், சைக்கிளுக்கு (டேங்கில் பாக்டீரியா வளர்க்க) விடலாம் என்று விற்பார்கள், வேண்டாம், பிறகு பிடித்து வெளியே எடுக்கக் கல்லையெல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். மாண்டரின் மாதிரி சில மீன்கள் கல்லில் ஊர்கிற மிகச் சிறிய உயிர்களையே பெரும்பாலும் தின்பவை, புது டேங்கில் அவை இருக்காது, சில வாரத்தில் வயிறு ஒட்டிச் செத்துப்போகும். கடையில் அழகாக இருக்கிறது என்பதற்காக முதல் வருடத்தில் வாங்காதீர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்திலிருந்து வருகிற மீன்களில் சயனைடு அடித்துப் பிடித்தவை இருக்கலாம், பார்க்க ஒரு குறையும் தெரியாது, எந்தத் தண்ணீரில் விட்டாலும் சில வாரத்தில் காரணமே இல்லாமல் செத்துவிடும். அதற்கு உங்கள் டேங்க் பொறுப்பில்லை.

அடுத்த மீன் எப்போது

அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம், சாலினிட்டி ஏறி இறங்காமல் நிற்கிறது, செத்ததற்குக் காரணம் என்ன என்று ஒரு வரியில் உங்களால் சொல்ல முடிகிறது. இந்த மூன்றும் இருந்தால் போகலாம். கடையில் மீனைத் தேர்ந்தெடுத்ததும், "அண்ணே, கொஞ்சம் தீவனம் போடுங்க, சாப்பிடுதான்னு பாத்துக்கிறேன்" என்று கேளுங்கள். சாப்பிடாத மீனை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிட்டு வாருங்கள். அதே தொட்டியில் ஒரு மீன் செத்துக் கிடந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். நேற்று இறங்கிய சரக்கு என்றால் முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் சரி என்பார். வேண்டாம் என்று சொல்கிறவரிடம் அந்த மீனை வாங்காமல் வருவதே நல்லது.